மகன் வேடத்தில் நாதிர் சஃபரோவ்

கலையை வாழவைக்க வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசாத நாடு உலகில் இல்லை. ஆனால் நாடகக் கலையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து, பெற்ற தாயின் கட்டிலருகே அரங்கேற்றிய பெருமை இத்தாலியின் பலெர்மோ நகரத்துச் சட்டத்தரணி கயெத்தானோ ஒருவருக்கே உரியது. 1995இல் தொடங்கிய இந்தக் கலைத்தொண்டைக் கிட்ட நின்று பார்க்கும் பாக்கியம், அவருடைய தாயாரைப் பராமரித்துவந்த பேசாலைக் கிராமத்துத் தமிழ்ப்பெண் அகஸ்ரீனாவுக்குக் கிடைத்தது.

தாயார் கொன்செற்றா ஒரேத்தோ பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். அகஸ்ரீனாவுக்கு அவர் 'சிஞ்ஞோரா', இத்தாலியனில் அம்மணி. ஞாபகம் தேய்ந்து, மகனின் செல்லப் பெயரான 'தானோ' மட்டும் மிஞ்சியிருந்தது. "தானோ வந்தவனோ?" என்று கேட்பார். இல்லை என்றால் ஊட்டும் கரண்டியைத் தட்டிவிடுவார். தானோ அதே நகரத்தில்தான் இருந்தார். பாவம், நேரமில்லை. 'முதியோர் நலனில் குடும்பத்தின் கடமை' பற்றி மண்டபம் மண்டபமாகப் பேசவேண்டியிருந்தது.

ஒருநாள் அகஸ்ரீனா சிஞ்ஞோராவைச் சக்கர நாற்காலியில் வைத்து வுச்சீரியா சந்தைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மீன் பெட்டி சுமந்து வந்த நெடிய மனிதர் ஒருவரின் சட்டைக் கையைச் சிஞ்ஞோரா எட்டிப் பிடித்தார்.

"தானோ, ஏன் இப்பிடி மெலிஞ்சு போனாய்?"

அவர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுக் குனிந்தார். "வேலை கூட, அம்மா. நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

அன்று மத்தியானம் சிஞ்ஞோரா தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

மறுநாள் அகஸ்ரீனா அந்த மனிதரைத் தேடிப்போய் விசாரித்தாள். பெயர் நாதிர் சஃபரோவ். அசர்பைஜான்காரர். பாகு நகரத்து அரங்கில் அரசனாகவும் தளபதியாகவும் நின்றவர். சினிமாவில் பலமுறை குதிரையிலிருந்து விழுந்து செத்தவர். நாடகக் குழுவோடு பலெர்மோ வந்த இடத்தில், அழைத்தவர் கந்தோரைப் பூட்டிவிட்டு மறைந்துபோனார். அப்போது ஊரிலோ போர், அரங்கு மூடிக் கிடந்தது.

"ஒராள் வசனம் தந்தால் பதில் சொல்லாமல் போக எனக்குத் தெரியாது" என்றார் நாதிர், அரைகுறை இத்தாலியனில். அகஸ்ரீனாவின் இத்தாலியனும் அதே தரம் என்பதால் நன்றாக விளங்கியது.

நடந்ததைக் கேட்டால் சட்டத்தரணி வெட்கப்படுவார் என்று நினைத்துச் சொன்னாள். அவர் வெட்கப்படவில்லை. நாதிரைக் கந்தோருக்கு அழைத்து 'நியமனம்' வழங்கினார்.

"ஞாயிறுதோறும் மதிய உணவுக்கு வருவீர். நெற்றியில் ஒரு முத்தம் போதும். நான் உணர்ச்சிவசப்படும் ஆள் அல்ல."

"இந்த மகன் இவ்வளவு காலம் ஏன் வரவில்லை?" என்று கேட்டார் நாதிர்.

"அது பாத்திரத்துக்கு அவசியமில்லை."

வெளியே வந்ததும் நாதிர் அகஸ்ரீனாவிடம் கேட்டார்: "அவர் தாயோடை எப்பிடிக் கதைப்பார்?"

"தெரியாது. நான் கண்டது அவரின்ரை முதுகைத்தான்."

வீட்டில் கணவன் லூர்துவுக்கு இது பிடிக்கவில்லை. "பெத்த மகனுக்குப் பதிலாள் வைக்கலாமோ?"

"அந்தாள் வந்தால் மனிசி சாப்பிடுது. வேறை என்ன செய்யச் சொல்லுறீங்கள்?"

"பங்குச் சுவாமியிட்டைச் சொல்லிப் போடாதையும்."

நாதிர் வேடத்தை மீறினார். நகம் வெட்டிவிட்டார். சியாகுல்லி மண்டரின் பழத்தை உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாக ஊட்டினார். சிஞ்ஞோராவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வெயில் காட்டினார். செய்தி எட்டியதும் சட்டத்தரணி அகஸ்ரீனாவைத் தொலைபேசியில் கண்டித்தார்: "இது மிகை நடிப்பு. நான் அப்படியெல்லாம் செய்யமாட்டேன்."

"ஓம், அது அவவுக்கும் தெரியும்" என்று அகஸ்ரீனாவுக்கு வாய்வரை வந்தது. வேலையை நினைத்து விழுங்கினாள்.

அடுத்த மாரியில் பாகுவிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. நாதிரின் தாய் இறந்துவிட்டார். கையில் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி இல்லை. போனால் திரும்பி வர முடியாது. அந்த ஞாயிறும் சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டி வந்தார்.

"ஏன் தானோ கண் சிவந்திருக்கு?" என்றார் சிஞ்ஞோரா.

மேடையில் ஒருநாளும் வசனம் மறக்காத மனிதர் வாய் திறந்தபடி நின்றார். சிஞ்ஞோரா அவர் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அகஸ்ரீனா குசினிக்குள் போய்க் கழுவிய கோப்பைகளைத் திரும்பவும் கழுவினாள்.

வசந்தத்தில் சிஞ்ஞோரா இறந்தார். அடக்கத்துக்குச் சட்டத்தரணி நேரம் ஒதுக்கினார். விலையுயர்ந்த கறுப்பு உடையில், ஈரமில்லாத கண்ணை வெள்ளை லேஞ்சியால் ஒற்றியபடி தேவாலய வாசலில் துக்கம் விசாரிப்போருக்குக் கை நீட்டி நின்றார். அடுக்குமாடியில் இருந்த ஆட்கள் அவரைத் தாண்டிப்போய், சுவரோரம் நின்று விம்மிய நாதிரைக் கட்டிக்கொண்டார்கள். "நல்ல மகன்" என்றார்கள்.

பக்கத்து வீட்டுக் கிழவி அகஸ்ரீனாவின் காதருகே குனிந்தார். "லேஞ்சியோடை நிக்கிறவர் ஆர்? சொந்தமோ?"

அகஸ்ரீனா சட்டத்தரணியை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"இல்லை சிஞ்ஞோரா. அவர் நடிகர்."