ராணி போட்ட ஆயா வேஷம்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எழுநூறு பேரை வீட்டுக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறேன். கயிற்றால் கட்டவில்லை, கேட்டைப் பூட்டவில்லை. மணி அடிக்கவில்லை, அவ்வளவுதான். (இதையெல்லாம் வெக்கமில்லாம எழுதுது பாரு கெய்வி, என்று என் மகள் அடுப்படியிலிருந்து முணுமுணுக்கிறாள்.)

முகப்பேரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருஷம் ஆயா வேலை பார்த்தேன். பெருக்குவது, துடைப்பது, எல்கேஜி குழந்தைகளுக்கு மூக்குச் சிந்திவிடுவது, சர்க்குலர் நோட்டை வகுப்பு வகுப்பாகத் தூக்கிக்கொண்டு போய் டீச்சர்களிடம் கையெழுத்து வாங்குவது எல்லாம் நான்தான். ஒரு மழையில் கரண்ட் மணி புகைந்துபோனது. அன்றிலிருந்து போர்ட்டிகோவில் தொங்கிய தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடிக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. இந்த வேலையைக் காட்டித்தான் என் பேத்தி நிவேதாவுக்கு அங்கே சீட்டு வாங்கியிருந்தேன். வேலை போனால் சீட்டும் போகும். இது எனக்கும் தெரியும், கரஸ்பாண்டென்ட் சாருக்கும் தெரியும்.

நிவேதா ஒன்பதாவது பி. மாடியில் கடைசி ரூம். கடைசி பீரியட் வரலாறு. எடுப்பது கவிதா மிஸ். சின்ன உருவம், போர்டில் முதல் வரி எழுத எக்க வேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் முன்னூறு வருஷத்துக்கு முந்தின ஆட்கள் எல்லாம் வராந்தாவில் வந்து நிற்பார்கள். அந்த வராந்தாவில் மாப்போடு நானும் நிற்பேன். அந்த வருஷம் அதைப்போல் சுத்தமான வராந்தா முகப்பேரிலேயே கிடையாது. துடைத்த இடத்தையே நாற்பது நிமிஷம் துடைத்தால் வேறு எப்படி இருக்கும்?

நான் ஆறாவதில் பதினோரு நாள் படித்தவள். வரலாற்றுப் புத்தகத்தில் சிந்து நதிக்கரையில் ஒரு ஊர் கட்டினார்கள். ஊருக்கு நடுவே பெரிய குளியல் தொட்டி. அந்தத் தொட்டி வரைக்கும் வந்தோம், வீட்டில் தம்பி பிறந்துவிட்டான். அவனைத் தூக்கிவைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த ஊர் என்ன ஆனது என்று சொல்ல எனக்கு யாரும் இல்லை. (குளிச்சிட்டுக் கரையேறினாங்களா, இல்ல இன்னும் ஊறிகினே கீறாங்களா?)

அந்த மாதம் கவிதா மிஸ் பிரான்சு தேசத்துக் கதையை எடுத்திருந்தார். ரொட்டிக்கு வழியில்லாமல் பொம்பளைகள் மழையில் நடந்தே போய் ராஜாவின் அரண்மனை வாசலில் நின்றார்கள். அதைக் கேட்டபோது மாப்பை வீசிவிட்டுக் கூடவே போகத் தோன்றியது. அப்புறம் ராஜா, தன் உயிருக்குப் பயந்து, குடும்பத்தோடு தலைநகரத்தைவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார். ராஜாவுக்கு வேலைக்காரன் வேஷம். குட்டி இளவரசனுக்கு அவன் அக்காவைப் போலவே பாவாடை சட்டை. ராணிக்கு என்ன வேஷம் தெரியுமா? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உலகத்தில் ஒரு ராணிக்கு ஆபத்து வந்தால் ஒளிந்துகொள்ள என் வேலையைத்தான் தேடி வருகிறாள். ஒரு குறைதான். ஆயா என்றால் வண்டியில் சாய்ந்து உட்கார்ந்து போக மாட்டாள், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்றுதான் போவாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை, வண்டி ஒரு சின்ன ஊரில் நிற்கிறது. ஒருத்தன் வேலைக்காரனின் முகத்தை உற்றுப் பார்க்கிறான். எங்கேயோ பார்த்த முகம். பள்ளிக்கூடம் விடுகிற நேரம், மூன்று நாற்பது ஆகிவிட்டது. நானே கீழே ஓடி, நானே அடித்து, கதையின் கழுத்தை நானே அறுத்தேன். தினமும் இந்தக் கொலையைச் செய்வது என் கைதான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நிவேதாவைக் கேட்டால், மிஸ் இன்னும் சொல்லவில்லை என்று போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வண்டியில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது எப்படித்தான் இவளால் இட்லி சாப்பிட முடிகிறதோ.

திங்கட்கிழமை காலையில் ஒரு சர்க்குலர் வந்தது. சில வகுப்புகளை முன்கூட்டியே விட்டுவிடுகிறார்களாம். இனிமேல் மணி அடிக்காமல் ஒருவரும் வகுப்பைவிட்டு வெளியே வரக் கூடாது. அந்த நோட்டில் எல்லா டீச்சரிடமும் கையெழுத்து வாங்கியது யார்? நான்தான்.

மூன்று நாற்பதுக்கு நான் வராந்தாவில் இருந்தேன். வண்டியை மறித்து விசாரிக்கிறார்கள். மூன்று ஐம்பது. ராணி முகத்தை மூடிக்கொள்கிறாள். நான்கு மணி. கையெழுத்துப் போட்ட டீச்சர்கள் அத்தனை பேரும் கடிகாரத்தை உதறிப் பார்த்துக்கொண்டு சொன்ன பேச்சு தவறாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே வேன்கள் தெருவை அடைத்து, மாநகரப் பேருந்து ஒன்று நடுவே மாட்டி, ஸ்கூட்டியில் வந்த அம்மாக்களில் ஒருத்தி உள்ளே ஏதோ நடந்துவிட்டது என்று அழுது, அதைப் பார்த்து பத்துப் பேர் அழுது, ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டும் வந்துவிட்டார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நான் பிரான்சில் இருந்தேன்.

முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நின்று மூச்சு வாங்கினார்கள். வாட்ச்மேன் என்று நினைத்தேன். திரும்பாமலே கையை நீட்டித் தடுத்தேன்.

"சும்மா இரு நைனா. ராஜா மாட்டப் போறாரு."

"மாட்டினது நீதாம்மா" என்றார் கரஸ்பாண்டென்ட் சார்.

ஒன்பதாவது பி மொத்தமும் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தது. கவிதா மிஸ் கையில் சாக்பீஸோடு அப்படியே நின்றார். நிவேதா தலையை டெஸ்க்குக்குள் விட்டுக்கொண்டாள்.

நான் ஓடிப்போய் அடித்த அடியில் கம்பி வளைந்தது.

அப்புறம் ஆபீஸ் ரூம். ஏன் அடிக்கவில்லை என்று கேட்டார். வயிற்றுவலி என்று சொல்லியிருக்கலாம், படியில் விழுந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். (பொய் சொல்ல எனக்குப் பயிற்சியா இல்லை?) ஆனால் வாய் தானாக உண்மையைச் சொன்னது.

"ஆறாவதுல பாதியில நின்னுட்டேன் சார். இந்தக் கதையாவது முழுசா கேக்கலாம்னு நின்னுகினு இருந்துட்டேன்."

சார் கொஞ்ச நேரம் பேப்பர்வெயிட்டை உருட்டினார். உன் பேத்தி படிப்பை நினைத்து உன்னைச் சும்மா விடுகிறேன் என்றார். வேலை தப்பியது. ஆனால் மணி வாட்ச்மேனுக்குப் போனது, எனக்கு எல்கேஜி கட்டடம், மைதானத்துக்கு அந்தப் பக்கம். அதுகூடப் பரவாயில்லை. என்னால் கவிதா மிஸ்ஸுக்கும் திட்டு. இனிமேல் கதை வேண்டாம், பாடத்தை முடியுங்கள் என்று உத்தரவு. மறுநாளிலிருந்து அந்தப் பெண் பாயின்ட் பாயின்ட்டாக எழுதிப்போட ஆரம்பித்துவிட்டார். பள்ளி முடிந்து அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு, உங்களுக்காகத்தான் ஆயாம்மா குரலைத் தூக்கிப் பேசினேன் என்றார். அந்த வருஷம் முடிந்ததும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டார்.

அந்தத் திங்கட்கிழமை வீட்டுக்குத் திரும்பும்போது நிவேதா எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். அயனம்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் அதே பத்தடி. கரையில் நின்று பையைத் திறந்து, புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகத் தள்ளினாள்.

"ராஜா மாட்டிக்கினாரு ஆயா. ஒண்ணு, திருப்பி இட்டுகினு வந்துட்டாங்க. ரெண்டு, விசாரணை. மூணு, தலைய வெட்டிட்டாங்க. ராணிக்கும் அதேதான். போதுமா?"

"அந்தப் பசங்க?"

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அது சிலபஸ்ல இல்ல" என்றாள். சொல்லிவிட்டு என் கூடைப்பையை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள்.

இப்போது அவள் காலேஜ் போகிறாள். நான் வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஷேர் ஆட்டோவில் ஒன்பதாவது படிக்கிற பிள்ளை ஏறினால் விடமாட்டேன், அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டுவிடுவேன். எல்லாரும் ராஜாவைச் சொல்கிறார்கள், ராணியைச் சொல்கிறார்கள். அதற்குமேல் சொன்னால் யாருக்கும் மார்க் இல்லை.

வீட்டில் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் சும்மா நின்றால் போதும், என் மகளோ மருமகனோ நிவேதாவோ, யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்கள்.

"இன்னா, வண்டி எங்க கீது?"

"அங்கயேதான் கீது. பசங்க ரெண்டும் உள்ள உக்காந்துகினு கீதுங்க. யாராவது எறக்கி வுட்டு, ஒரு வாய் சோறு குடுத்தா தேவல" என்பேன்.

எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான்.