அம்மாவின் பங்குக் கிரேப்

அன்புள்ள ஒர்த்தான்ஸ் சித்திக்கு,

அப்போலின் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அப்பா நலம், மாடுகள் நலம். நான் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அப்பாவுக்குத் தெரியாமல் போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்துக் கோணலை மன்னிக்கவும்.

இன்று மெழுகுவர்த்தித் திருநாள் அல்லவா, அம்மா உங்கள் ஊர்க் காசநோய் மருத்துவமனைக்குப் போனபிறகு வருகிற முதல் திருநாள் என்பதால் அப்பாவே மெல்லிய கிரேப் அப்பத்துக்கு மாவு, பால், முட்டை எல்லாம் கரைத்தார், மாவு முழுக்கக் கட்டி, பக்கத்துப் பண்ணை கஸ்த்தோன் மாமாவும் யாரும் கூப்பிடாமலே ஆப்பிள் சைடர் மதுப்புட்டியோடு வந்து அடுப்போரம் உட்கார்ந்துகொண்டார். "கிரேப்பா சுடுறே? சுவருக்குப் பூசலாம் போலிருக்கே!" என்றார். ஆனாலும் வருஷம் முழுக்க அதிர்ஷ்டம் வேண்டி, வழக்கப்படி இடது கையில் தங்கக் காசைப் பிடித்தபடி அப்பா தூக்கிப் போட்டுப் புரட்டியது சட்டியிலேயே விழுந்தது, மாமாவுடையதும் விழுந்தது, என்னுடையதும் விழுந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அம்மா பங்கு ஒண்ணு பாக்கி இருக்கு. நீயே புரட்டும்மா. நல்லா விழுந்துச்சுன்னா வசந்தத்துக்குள்ள வீட்டுக்கு வந்துடுவா" என்றார் அப்பா.

அதைக் கேட்டதும் தூக்கிய சட்டியைத் திரும்ப அடுப்பிலேயே வைத்துவிட்டேன். "தூக்கிப் போடு புள்ள, சட்டி என்ன கடிக்கவா போகுது?" என்று மாமா அதட்டினார். போட்டேன். சித்தி, அது மேலே போய் உத்தரத்தில் புகைபோடத் தொங்கவிட்டிருந்த பன்றித்தொடையில் ஒட்டிக்கொண்டது. மூவரும் அண்ணாந்து பார்த்தோம். "விழலே பாரு, இன்னும் விழலே!" என்று அப்பா சந்தோஷமாகச் சொல்லி வாயை மூடுவதற்குள் நேராகச் சாம்பல் வாளிக்குள் விழுந்தது.

மாமா சிலுவை போட்டுக்கொண்டார். "எங்க வீட்டுலயும் போன வருஷம் கீழ விழுந்துச்சு. மறுவாரமே பசு செத்துப்போச்சு. ஆனா அது கிழட்டுப் பசு" என்றார். அம்மாவுக்கு அவ்வளவு வயதில்லை என்பதால் எனக்கு இது ஆறுதலாக இல்லை. அப்பா அதை வாளியிலிருந்து எடுத்து, சாம்பலின் மேலேயே சர்க்கரை தூவி, முழுவதையும் தின்றார். "தின்னாச்சு. இனிமே எதுவும் விழலே" என்று கறுத்த பற்களோடு சிரித்தார். மாமா மிச்சச் சைடரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அம்மாவைக் கொன்றுவிட்டேனா, சித்தி? தயவுசெய்து அம்மாவின் கட்டிலருகே நீங்கள் ஒன்று புரட்டுங்கள். நாள் தவறினாலும் செல்லுமா என்று பாதிரியாரிடம் கேட்டு எழுதுங்கள். அம்மாவிடம் சொல்லவேண்டாம். சித்தப்பாவுக்கு என் வணக்கம், தம்பிக்கு முத்தம்.

அன்புடன்,
அப்போலின்

பி.கு.: புரட்டவேண்டாம், சித்தி. அடுப்படியில் சத்தம் கேட்டு இறங்கிப் போனேன். அப்பா தனியாக மிச்ச மாவையெல்லாம் சுட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார். தரை முழுக்கக் கிரேப், விழுந்ததையெல்லாம் தின்று தின்று எங்கள் நாயால் எழுந்திருக்கவே முடியவில்லை. "சேவல் கூவுற வரைக்கும் திருநாள்தான், வா" என்று சட்டிப் பிடியை என் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கடைசி ஒன்று பாதி சட்டிக்குள்ளும் பாதி வெளியிலுமாக விழுந்தது. அப்பா அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டு, அழுதபடியே தூங்கப் போனார். எனக்கு என்னவோ செல்லாது என்றுதான் தோன்றுகிறது. எதற்கும் நீங்களும் ஒன்று புரட்டிவிடுங்கள்.