டிஸ்க்குக்குள் மாட்டிக்கொண்ட உன் அக்கா

அன்புள்ள மச்சானுக்கு, அத்தான் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீயும் வீட்டாரும் நலமென்று நம்புகிறேன். இல்லாவிட்டால் அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம், முதலில் என் கதையைக் கேள்.

திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி மட்டும் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே நிற்கிறது. தட்டினேன், தடவினேன், கெஞ்சினேன், ஊஹூம். அதில்தானே உன் அக்காவின் குரல் இருக்கிறது! அவள் கண்ணை மூடுவதற்கு முந்தின வருடம் நான் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது தானாகப் பதிவாகிவிட்டது. வேறெங்கும் அவள் குரல் கிடையாது. அவள் போன பிறகு அதைப் போட்டுக் கேட்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. முப்பத்தொரு வருடம் ஆபீஸ் ஆவண அறையில் குப்பை கொட்டியவன் சும்மா விடுவேனா, வழக்கப்படி மூன்று பிரதி எடுத்து, மூன்று ஃபோல்டரில் வைத்து, ‘அசல்’, ‘நகல்’, ‘அவசரத்துக்கு’ என்று பெயரும் போட்டிருந்தேன். பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனதும் ரிப்பேர்க்காரர் கேட்டார்: “பிரதியெல்லாம் எங்க சார் இருக்கு?” “இதுக்குள்ளதான்.” “மூணுமா?” “மூணும்தான்.” மனுஷன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். “நகலை வேற பீரோவுல வைக்கணும்னு ஆபீஸ்ல சொல்லித் தரலையா சார்?” நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு, வந்தா வரும், உறுதி சொல்ல முடியாது என்று அனுப்பிவிட்டார்.

நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. என்ன குரல் அது! பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது, அவ்வளவு மென்மை. இத்தனை வருடத்தில் என்னை ஒரு வார்த்தை அதட்டியிருப்பாளா? நீதான் சாட்சி. போகட்டும், மனசுக்குள்ளே இருக்கிறது, அது போதும் என்று தேற்றிக்கொண்டேன். ஆறுதல் சொல்கிறேன் என்று போன் பண்ணிவிடாதே, அழுதுவிடுவேன்.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் நூறு வயசு நல்லபடியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது கடையிலிருந்து போன் வந்தது. விழுந்தடித்து ஓடினேன். டிஸ்க் பிழைத்துவிட்டது. ரிப்பேர்க்காரர் சத்தத்தைக் கூட்டி வைத்துப் போட்டார். “எத்தனை வாட்டிதான் கத்துறது! எல்லாம் ஆறினப்புறம் வந்து என் உயிரை வாங்கவா? அந்தப் பொட்டியை அணைச்சுட்டு எழுந்து வாங்க!” ரிப்பேர்க்காரர் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்து, “இதோ வந்துட்டேம்மா” என்றார். கடையே சிரித்தது. நானும்தான், அப்புறம் எனக்கு அழுகை நிற்கவில்லை. மொத்தம் பதினோரு விநாடிதான் மச்சான். இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம்.