எட்டரைக்கும் பத்தரைக்கும் நடுவில்

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கும் வேலைகள் உலகத்தில் இரண்டுதான். ஒன்று போலீஸ். இன்னொன்று தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். எனக்கு இரண்டாவது வாய்த்தது. அடுத்தவர் போட்ட ஓட்டைக்குள் அளவுக்கருவியை விட்டுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "ரிஜெக்ட்" என்று சொல்வது என் பிழைப்பு. சொந்தமாக ஓர் ஓட்டை போட்டதில்லை. (சிகரெட் நெருப்பில் கொசுவலைக்குப் போட்டதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

சந்தேகம் தொழிற்சாலை கேட்டோடு நிற்கவில்லை. பங்காருபாளையத்தில் மாம்பழக்காரர் ஒரு பழத்தைக் காட்டி "இது சக்கரை சார்" என்றால், அதை விட்டுவிட்டு அவர் காட்டாத பழத்தைத்தான் எடுப்பேன். அது புளிக்கும். அதற்கும் அவர் மேல்தான் சந்தேகம் வரும்.

இப்படிப்பட்டவனுக்குச் சித்தூரிலிருந்து கிளம்பிப் போய்த் திருப்பதியில் பெண் பேசி முடித்தார்கள். பெயர் எஸ்தர், பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று போதகர் கேட்டுவிட்டுச் சற்று நிறுத்துவார். அந்த இடைவெளியில் மாப்பிள்ளைக்கு வியர்க்கும். எனக்கு இரண்டு ஞாயிறு வியர்த்து முடிந்திருந்தது. மூன்றாவது பாக்கி. தடை வந்தால் எந்தப் பக்கமிருந்து வரும் என்பதும் தெரியும். எஸ்தரின் அத்தை தன் மகனுக்கு அவளைக் கட்டிவைக்க ஆசைப்பட்டவர். முதல் வரிசையில் உட்கார்ந்து, போதகர் நிறுத்தும்போதெல்லாம் தொண்டையைச் செருமுவார்.

அந்த மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, வருங்கால மாமனார் என்னைத் திருப்பதிக்கு வரச் சொன்னார். கல்யாணக் காணிக்கையாகச் சபைக்கு ஒரு வேதாகம மேசை செய்திருந்தார். தடித்த இரும்புத் தூண் ஒன்று, புத்தகம் வைக்கும் சாய்வுப் பலகை ஒன்று. பலகையின் தகட்டைத் தூணின் முகப்பில் வைத்து நான்கு போல்ட்டால் முறுக்க வேண்டும். பின்பக்கம் நட்டு போட முடியாது. தூண் அவ்வளவு கனம். ஆகவே தூணிலேயே ஓட்டை போட்டு, போல்ட் திருகி இறங்க உள்சுவரில் மரை வெட்ட வேண்டும்.

"மாப்ள, நீங்க மெக்கானிக்கல் படிச்சவரு. வெளியாள இன்னாத்துக்குக் கூப்புடணும்? நாலு ஓட்டை போட்டு மரை வெட்டினா வேலை அயிபோத்துந்தி, முடிஞ்சிடும்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பெண் கொடுக்கும் முன் பரீட்சை வைக்கிறார் என்று உடனே புரிந்துவிட்டது.

அவர் நீட்டிய பையைப் பிரித்தேன். பத்து எம்.எம். போல்ட்டுகள், மரை வெட்டும் டேப், இரண்டு டிரில் பிட். ஒரு பிட் எட்டரை, இன்னொன்று பத்தரை. போல்ட் பத்து, பத்தில் மட்டும் பிட் இல்லை! இது பொறி இல்லாமல் வேறென்ன?

எஸ்தர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "தகட்டுக்குப் பத்தரை. போல்ட் தாராளமா நொழையணும். தூணுக்கு எட்டரை. டேப் மேலயே போல்ட்டு பத்து, மரை இடைவெளி ஒன்றரைன்னு போட்டுக்குது பாருங்க. கழிச்சா எட்டரைதானே?"

இதே கழித்தலைப் பாலிடெக்னிக் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். ஆனால் கேட்காமலே ஒருத்தி விடையைச் சொன்னால் அதில் உள்நோக்கம் இருக்காதா? பெண்டாட்டி பேச்சைக் கேட்டு ஆடுகிறவனா என்று பார்க்கிறாள். இவளும் பரீட்சைக் கமிட்டியில் ஓர் உறுப்பினர்.

தகட்டுக்குப் பத்தரையில் போட்டுவிட்டு, அவள் கண்முன்னால் தூணில் முதல் ஓட்டையை எட்டரையில் போட்டேன். டேப்பை இறக்கினால் அது கடித்துக்கொண்டு கிரீச்சிட்டது. அரைச் சுற்று முன்னால், கொஞ்சம் பின்னால் என்று திருப்பி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

"இவ்ளோ டைட்டாக்குதே!" என்றேன்.

"மரை வெட்ட இரும்பு வேணாமா? சுவத்துல இரும்பு இருந்தாதான கடிக்கும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனாள்.

அவள் தலை மறைந்ததும் மாமனாரின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், பத்து எம்.எம். பிட் ஒன்று வாங்கிவந்தேன். (கடைக்காரர் எதற்கு என்று கேட்டார். ஒற்றன் என்று நினைத்து நான் பதில் சொல்லவில்லை.) மீதி மூன்று ஓட்டைகளும் பத்தில் போட்டேன். டேப் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. தொழிலாளிகள் இத்தனை காலம் சும்மா முக்கி முனகி என்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று ஆத்திரம் வந்தது.

பிறகு போல்ட்டைத் திருப்பினேன். அது சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இறுகவே இல்லை. விரலால் இழுத்தால் கையோடு வந்தது. போல்ட் போலி என்று ஒரு நிமிடம் நம்பிப் பார்த்தேன். அப்புறம் திண்டாடி, பக்கத்திலிருந்த தையல் மிஷினிலிருந்து ரோஸ் நூலை உருவி, மூன்று போல்ட்டிலும் சுற்றி, சுத்தியலால் தட்டி இறக்கினேன். பார்வைக்கு அம்சமாக இருந்தது. மாமனார் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் ஆராதனை. புது மேசைக்கு ஜெபம் செய்து, போதகர் பெரிய வேதாகமத்தை அதில் வைத்தார். ஓலை வாசித்தார். "இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள்..." என்று கேட்டு நிறுத்தி, பலகையில் கையை ஊன்றினார்.

டங். டங். டங்.

மூன்று போல்ட்டும் சிமெண்ட் தரையில் விழுந்து, உருண்டு, சரியாக அத்தையின் காலடியில் போய் நின்றன. பலகை ஒற்றைப் போல்ட்டில் சாய்ந்து தொங்கியது. போதகர் வேதாகமத்தை மார்போடு கட்டிப்பிடித்திருந்தார்.

அத்தை எழுந்தார். "அண்ணா, கேட்டுக்கினியா? ஆண்டவரே வேணாம்ன்றாரு!"

மாமனார் முகம் வெளுத்துவிட்டது. இத்தோடு கல்யாணம் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எஸ்தர் முன்னால் வந்து, ஒரு போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தாள். ரோஸ் நூல் அவிழ்ந்து தொங்கியது.

"ஐயா, இது ஆண்டவரு இல்ல. என் கல்யாண ஜாக்கெட்டு நூலு." என் பக்கம் திரும்பினாள். "எத்தினி எம்.எம். போட்டீங்க?"

"பத்து" என்றேன்.

"எட்டரை போட்டது நிக்குது. பத்து போட்டது வந்துட்ச்சி. எனக்கு ஆளு மேல ஆட்சேபணை இல்லிங்க ஐயா. ஓட்டை மேலதான். நீங்க வாசிங்க."

சபை சிரித்த சிரிப்பில் அத்தையே உட்கார்ந்துவிட்டார். மானம் கப்பலேறிய அந்த நேரத்தில்தான், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு மனுஷியின் மேல் எனக்குத் துளி சந்தேகமும் வரவில்லை.

கெட்டுப்போன மூன்று ஓட்டைகளையும் கொஞ்சம் பெரிதாக்கி, பன்னிரண்டு எம்.எம். போல்ட் போட்டு மேசையை நிமிர்த்தினார்கள். பிட் அளவை எஸ்தர் கழித்துச் சொன்னாள்; நான் தள்ளி நின்றேன். கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் அந்தக் கோயிலில் யாருக்கு ஓலை வாசித்தாலும், தடை உண்டா என்று கேட்குமுன் போதகர் பலகையை ஆட்டிப் பார்த்துக்கொள்கிறார். மொத்தச் சபையும் திரும்பி என்னைப் பார்க்கிறது. எஸ்தர் மட்டும் பார்ப்பதில்லை. அண்ணாந்து, எங்கள் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனைப் பார்க்கிறாள்.

"அத நான் தொடவே இல்ல" என்று காதோரம் சொல்கிறேன்.

தலையை ஆட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்காருகிறாள்.