கடலில்லாக் கள்ளக்குறிச்சியின் அலைப்பலகை

கடல் இல்லாத ஊரில்தான் கடலுக்கான பலகையை ஒழுங்காகச் செய்ய முடியும். கடல் பக்கத்தில் இருந்தால் ஆட்கள் வேடிக்கை பார்க்கப் போய்விடுவார்கள். பலகையைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாமே என்கிற விபரீத ஆசையும் வரும். இந்த உண்மையை உலகிலேயே முதலில் உணர்ந்து கோப்பில் ஏற்றிய பெருமை, கள்ளக்குறிச்சி இயற்கை நார் மேம்பாட்டு அலகுக்கே உரியது.

அந்த அலகு பழைய உரக் கிடங்கு ஒன்றின் பின்பாதியில் இயங்கியது. மாவட்டம் புதிது, அலுவலகம் புதிது. நாற்காலிகள் மட்டும் விழுப்புரத்தில் கழித்துக் கட்டியவை. அங்கே செந்தமிழ்ச்செல்வி ஒப்பந்தப் பணியாளர். களமருதூரில் நெல் விளைவிக்கும் குடும்பம், துணி நுட்பத்தில் டிப்ளமோ. அவளுக்கு மேலே திட்ட மேலாளர் அறிவுச்செல்வன். அவருக்கு மேலே ஒரு மின்விசிறி. அது ஓடாது.

கல்வராயன் மலையில் பெண்கள் கற்றாழை நாரில் முந்நூறு மீட்டர் துணி நெய்து வைத்திருந்தார்கள். முந்தைய திட்டம் நெய்யச் சொல்லியிருந்தது, வாங்கத்தான் மறந்துவிட்டது. அந்தப் பெண்களின் குழுத் தலைவி சின்னக்கண்ணு திங்கட்கிழமைதோறும் பஸ் பிடித்து இறங்கி வந்துவிடுவாள்.

"வூடு பூரா துணிம்மா. படுக்க எடமில்ல. ஆட்டை வெளிய கட்டினேன், இப்ப நானும் ஆட்டோடதான் படுக்கறேன்."

செல்வி ஒவ்வொரு திங்களும் அதை ஒரு மனுவாக எழுதி மேலாளரிடம் கொண்டுபோவாள். ஒரு திங்களன்று மேலாளர் கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர் ஒருவர் கடல் அலையின் மேல் பலகையில் நின்று சறுக்கிக்கொண்டிருந்தார். பலகையின் மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, பிசின் ஊற்றி இறுகவிடுவார்களாம். கண்ணாடி இழைக்குப் பதிலாகச் செடி நாரில் நெய்த துணியையும் போர்த்தலாமாம்.

"செல்வி! நம்ம துணி, அலைமேல!" என்று எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது, ஆணியில் கால்சட்டை மாட்டியிருந்தது.

அடுத்த வாரமே 'திட்டம்' பிறந்தது. பலகை தேறினால் துணி வாங்கப்படும். தேறாவிட்டால் அலகு மூடப்படும், செல்வியின் வேலையும் அதோடு முடியும். கதவு செய்யும் பாவாடை ஆசாரியை அழைத்து வரைபடத்தைக் காட்டினார்கள். அவர் அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"செஞ்சிடலாம் சார். கீல் எந்தப் பக்கம் வைக்கறது?"

"இது கதவு இல்ல ஆசாரி. கடல்ல விடறது."

"அப்போ தாப்பாளும் வேணாம்" என்று குறித்துக்கொண்டார்.

மலைவேம்பில் குடைந்து ஒட்டி, ஏழடி நீளத்துக்கு இரண்டு பலகைகள் செய்து கொடுத்தார். பிசின் தஸ்தகீர் பாய் கடையில் வாங்கியது. "கலந்துட்டா அரை மணி நேரந்தாம்மா, அப்புறம் கல்லாயிடும். போட்டோ எடுக்கறதுன்னா மொதல்லயே எடுத்துக்கங்க" என்று எச்சரித்தே கொடுத்தார்.

மேலாளர் முறைப்படி நல்ல நேரம் பார்த்தார். காலை பத்தரை. டிசம்பர் மழையில் துணி நமுத்துப் போயிருந்தது. வெயில் ஏற ஏறத் தகரக் கூரை காய்ந்தது. மேலாளர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே பிசினை ஊற்றினார். அரை மணி நேரத்தில் பலகை முழுக்கக் கொப்புளம்.

"பாத்தியா செல்வி, இயற்கை மூச்சு விடுது!"

சின்னக்கண்ணு கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "அம்மை போட்டிருக்குதுங்க. வேப்பிலை வைங்க."

மேலாளர் அதற்கு 'மாதிரி எண் 1' என்று வில்லை ஒட்டினார். வில்லை மட்டும் கொப்புளமில்லாமல் ஒட்டியது.

செல்வி இரண்டு நாள் கொப்புளங்களைக் குத்திக் குத்திப் பார்த்தாள். மரத்துக்குள் இருக்கிற காற்று சூட்டில் விரிந்து வெளியே வருகிறது. துணியில் இருக்கிற ஈரமும் சேர்ந்துகொள்கிறது. அப்படியானால் மரம் ஆறுகிற நேரத்தில் செய்ய வேண்டும். மூன்றாம் நாள் மேலாளர் கூட்டத்துக்குப் போயிருந்தார். அவள் துணியை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்துச் சருகாக்கினாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு, தகரம் குளிரத் தொடங்கியதும், பாவாடை ஆசாரி ஒரு பக்கமும் சின்னக்கண்ணு மறுபக்கமும் துணியைப் பிடிக்க, பிசினை ஊற்றி, நடுவிலிருந்து விளிம்புக்கு ரப்பர் துண்டால் மெல்ல வழித்தாள். வைக்கோல் நிறத்துத் துணி தேன் நிறமாகி, கண்ணாடியாகி, அடியில் மலைவேம்பின் ரேகை தெரிந்தது. ஒரு கொப்புளம் இல்லை.

"என் துணி எங்கடி போச்சு?" என்று பதறினாள் சின்னக்கண்ணு.

"உள்ளதான் இருக்குதுக்கா."

மறுநாள் சின்னக்கண்ணு தட்டிப் பார்த்தாள். பாறையில் தட்டியது போலக் கேட்டது. செல்வி சொல்லாமல் கொள்ளாமல் அழுதுவிட்டாள். பாவாடை அதைப் பார்க்காதவர் போல ஒரு கீலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

செயல்விளக்கம் கடலூர்ப் பக்கக் கடற்கரை ஒன்றில் ஏற்பாடானது. வில்லை இருந்ததால் கொப்புளப் பலகையே அதிகாரபூர்வமானது, செல்வியுடையது 'உதிரி'. இரண்டையும் ஜீப் தலையில் கட்டிக்கொண்டு மேலாளரும் செல்வியும் கிளம்பினார்கள். இருபது சதவீத இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. உளுந்தூர்ப்பேட்டைக்கு முன்னாலேயே சாலை மறியல். நடுரோட்டில் நூறு பேர். தாடைக்குக் கீழே முகக்கவசத்தோடு முன்னால் வந்தவர் பெயர் கொளஞ்சியப்பன், கரும்பு விவசாயி.

"இன்னா சார் வண்டி மேல? பாடையா?"

"அலைச்சறுக்குப் பலகை" என்றார் மேலாளர், குரலில் மட்டும் தைரியத்தோடு.

"எங்க போய்க்கினு இருக்கீங்க?"

"கடலுக்கு. இது மக்கள் திட்டம்ங்க. இதுல உங்களுக்கும் உரிய பங்கு உண்டு."

"எத்தினி பேர் ஏறலாம்?"

"ஒருத்தர்."

"அதுல எங்களுக்கு இருபது சதவீதம்னா எவ்ளோ வரும்?"

மேலாளர் கணக்கில் நேர்மையானவர். மனத்துக்குள் ஓர் ஆளை நிறுத்தி, பாதத்திலிருந்து அளந்தார். "முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் குடுக்கலாம்ங்க."

விடியலிலிருந்து கோஷம் போட்டுக் காய்ந்திருந்த கூட்டம் ஒரு நொடி திகைத்து, பிறகு வெடித்துச் சிரித்தது. சிரித்ததில் பசி தெரிந்துவிட்டது. சோறும் சாம்பாரும் கொளஞ்சியப்பன் ஊரில் வெந்து தயாராக இருந்தன. ஊர் ஓடைக்கு அப்பால். பாலம் கிடையாது; கடக்கிற மண்பாதையில் ஆளை இழுக்கும் இடுப்பளவு வெள்ளம்.

"சாம்பார் அந்தாண்ட, வயிறு இந்தாண்ட. பத்து நாளா இதே கதிதாம்மா" என்றார் கொளஞ்சியப்பன் செல்வியிடம்.

செல்வி ஜீப் மேல் ஏறிக் கயிற்றை அவிழ்த்தாள்.

"அது மதிப்பீட்டுக்குப் போற பொருள்!" என்று கத்தினார் மேலாளர். கூட்டம் திரும்பிப் பார்த்ததும், "வரிசைப்படி மாதிரி எண் ஒன்றுதான் முதலில்" என்று திருத்திக்கொண்டார். வாய்ப்பை விட மனமில்லாமல் தாமே அதில் ஏறி, கைப்பேசியைச் செல்வியிடம் கொடுத்து, கும்பிட்டபடி நின்றார். கொப்புளங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. துணி முதலில் ஓரத்தில் கிளம்பியது. பிறகு நனைந்த அப்பளம் போல மொத்தமாக உரிந்து அவர் காலைச் சுற்றிக்கொண்டது. இடுப்பளவு வெள்ளத்தில் கழுத்தளவு முழுகி எழுந்தபோது, கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்தது. வில்லை அவர் முழங்கையில் ஒட்டியிருந்தது.

அடுத்து செல்வியின் பலகை இறங்கியது. நீச்சல் தெரிந்த இருவர் கயிறு கட்டி இழுத்தார்கள். சாம்பார் குண்டான் அக்கரையிலிருந்து ஆடி ஆடி, ஆனால் சிந்தாமல் வந்து சேர்ந்தது. அப்புறம் சோறு. அப்புறம் பத்து நாளாக மாத்திரை இல்லாமல் கிடந்த ஒரு சர்க்கரை நோயாளி. நான்கு மணி நேரம் வெள்ளத்தில் கிடந்த பிறகும் துணி ஓரிழை கிளம்பவில்லை. கொளஞ்சியப்பன் முதல் இலையைச் செல்விக்குப் போட்டார். அவள் வாழ்நாளில் அப்படி ஒரு சாம்பார் சாப்பிட்டதில்லை. மறியல் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பலகை கடலைப் பார்க்காமலே திரும்பியது.

ஆனால் மேலாளரின் அறிக்கை மேலிடத்தைப் பார்த்தது. 'வெள்ளத்தில் நாற்பது கிலோ சாம்பார், சேதாரம் இல்லை' என்ற வரியின் கீழ் யாரோ சிவப்பு மையில் கோடிட்டிருந்தார்கள். அரசு இயந்திரம் மெதுவாக நகரும் என்பது அவதூறு. மூன்றே மாதத்தில் பதில் வந்துவிட்டது. பாலமில்லாத பதினேழு ஊர்களுக்குப் பலகை. முந்நூறு மீட்டர் துணியும் கொள்முதல். சின்னக்கண்ணு வீட்டுக்குள் படுத்தாள், ஆடும் படுத்தது. செல்விக்கு இரண்டு வருட நீட்டிப்பு. மேலாளருக்குப் பாராட்டுச் சான்றிதழும், ஓடுகிற மின்விசிறியும்.

பங்குனி வெயிலில் செல்வி முதல் பலகையைக் கொளஞ்சியப்பன் ஊருக்குக் கொண்டுபோனாள். ஓடை வறண்டு கிடந்தது. பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு, மணலில் நடந்தே கடந்தாள். கூடவே ஓர் உறையும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். கொளஞ்சியப்பன் பிரித்தார்; மூக்குக் கண்ணாடி இல்லாததால் அவளையே படிக்கச் சொன்னார். அவள் படித்தாள்.

"'தங்கள் கிராமத்துக்குப் பாலம் வேண்டி கடந்த பத்தொன்பது ஆண்டுகளாக அளிக்கப்பட்ட மனுக்கள் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டன. தற்போது உயர்தரப் பலகை ஒன்று வழங்கப்பட்டுள்ளதால் பாலம் அவசியமில்லை எனக் கருதி, மேற்படி மனுக்கள் முடித்து வைக்கப்படுகின்றன. நீச்சல் தெரியாதோருக்கு உள் ஒதுக்கீடு பரிசீலனையில் உள்ளது.'"

படித்து முடித்ததும் அவளுக்குத் தாளை மடிக்கத் தெரியவில்லை. "எனக்கு இது தெரியாதுங்க" என்றாள்.

கொளஞ்சியப்பன் கோபப்படவில்லை. பலகையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். விளிம்பில் துணி மடிந்த இடத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். ஒன்றும் பெயரவில்லை.

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கம்மா" என்றார். "கொஞ்சம் மோசமா செஞ்சிருந்தீன்னா எங்களுக்குப் பாலம் வந்திருக்கும்."