சங்கு குடோன் தெருவில் ஒரு பகல் தூக்கம்

"இந்தத் தடவை வீடு பாக்கது நான்தான்" என்று சிவனாண்டி சத்தமாகவே சொன்னான். அறையில் கேட்பதற்கு ஆளில்லை. அதனால் எதிர்ப்பும் இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து ஒருவன் எடுக்கிற முதல் சொந்தத் தீர்மானம் இவ்வளவு சுலபத்தில் ஜெயித்தால் அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சிவனாண்டி சந்தேகப்படவில்லை. பாயை உதறிப் போட்டுப் படுத்தான். மணி காலை எட்டரை.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் அவனுக்கு ராத்திரி வேலை. கேட்டில் நின்று, வருகிற பெட்டியையும் போகிற பெட்டியையும் ஒரு சுற்று சுற்றி வருவான். நம்பர் பார்ப்பான். சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பான். எங்கே நசுங்கல், எங்கே துரு என்று எழுதுவான். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவன் கவலை இல்லை. பெட்டியைத் திறந்து பார்க்கிற உரிமையும் அவனுக்கு இல்லை, ஆசையும் இல்லை.

திருப்பூரில் வேலை போய், தூத்துக்குடிக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. மனைவி ஜெயபிரியா, எட்டு வயது ரம்யா, நாலு வயது வேலு மூன்று பேரும் அம்பாசமுத்திரம் பக்கம் அவளுடைய தம்பி வீட்டில். "வீடு கிடைச்சதும் கூட்டிக்கிடுதேன்" என்று விட்டுவிட்டு வந்தவன், மாதம் ஒரு தடவை போய் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டு வருவான். போன தடவை அவன் செருப்பைக் கழற்றும்போது வேலு உள்ளே ஓடிப்போய்ச் சொன்னான்:

"அம்மா, போன்ல வார அப்பா வந்திருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சிவனாண்டியும் சிரித்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் நினைத்துப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

வீடு கிடைக்காமல் இல்லை. சத்தமில்லாத வீடு கிடைக்கவில்லை. பகலில் தூங்குகிறவனுக்கு வீடு என்றால் என்ன? நாலு சுவரும் ஒரு அமைதியும். ஷிப்ட் முடிந்து வரும்போது தெருத் தெருவாகப் போவான். பெட்டியைச் சுற்றுகிற மாதிரி ஒரு சுற்று. சட்டைப் பையில் ஒரு நோட்டு. அதில் டேமேஜ் எழுதுவான். 'கோழி இரண்டு. குக்கர் விசில் ஒன்பது. பழைய இரும்புக்காரர், மைக்குடன்.' பதினேழு தெரு ரிஜெக்ட். அதில் மகாமோசம் சங்கு குடோன் தெரு. அதற்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் ஆகியிருந்தது. மீன்காரி, வெல்டிங் பட்டறை, பள்ளிக்கூட மணி, பால்வாடிப் பாட்டு, கோயில் மைக் செட், கிணற்றடிச் சண்டை, கிளினிக் டோக்கன் கூப்பிடும் குரல். அடியில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தான்.

கடைசியில் புதுக்கோட்டை ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, பேர்ல் சிட்டி கார்டன் கிடைத்தது. அங்கே பேர்ல் கிடையாது, சிட்டி கிடையாது, கார்டன் கிடையாது. முள் அடர்ந்த உடைமரம் உண்டு. நாலு வீடு. அதில் மூன்று பூட்டு. நாலாவது வீட்டுச் சாவியை வீட்டுத் தரகர் தங்கதுரை அண்ணாச்சி கொடுத்து, "பாத்துட்டு மெதுவாக் குடுங்க, அவசரமில்ல" என்றார். அந்தக் குரலில் இருந்த தாராளம் சிவனாண்டிக்கு உறைக்கவில்லை. பேப்பரை விரித்துப் படுத்தான். எழுந்தபோது மணி நாலு. எந்தக் கிழமை என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை.

"நல்ல வீடு" என்றான்.

"வீடு" என்றது வெறும் அறை.

பத்து மாதத்தில் அறைக்குள் அவனுக்குக் கிடைத்த முதல் பதில். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஊருக்குப் போன் போட்டான்.

"ஏளா, வீடு பாத்தாச்சு."

"அப்படியா. பக்கத்துல ஆளு இருக்காகளா?"

"மூணு வீடு இருக்கு."

"வீட்ட கேக்கல. ஆள கேக்கேன்."

"அவுகள்லாம் துபாய்ல இருக்காக."

"நல்ல அக்கம்பக்கம். ஒரு கரண்டி சீனி வாங்கணும்னா பாஸ்போர்ட் எடுக்கணும். பள்ளிக்கூடம்?"

"வேன் வரும்."

"யாரு சொன்னா?"

"வராம எங்க போவும்?"

இனிமேல்தான் திட்டு மழை என்று காதைச் சுருக்கிக்கொண்டு நின்றான். ஆனால் ஜெயபிரியா, "சரி. நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அந்த வாக்கியத்தை அவள் வாயால் அவன் கேட்டதே இல்லை. போனைக் காதிலிருந்து எடுத்து நம்பரைச் சரிபார்த்தான். அவள்தான்.

"ஒரே ஒரு விஷயம்" என்றாள். "ஒரு வீட்ட மட்டும் பாத்து முடிச்சோம்னா என் தம்பி பொண்டாட்டி இளக்காரமாப் பேசுவா. ஒப்புக்கு இன்னொண்ணும் பாப்போம். ரெண்டுலயும் ஒவ்வொரு பகல் தூங்கிப் பாருங்க. எது நல்லாருக்கோ அது. ரெண்டாவது எந்த வீடுன்னு நீங்களே சொல்லுங்க."

சிவனாண்டிக்குள் ஒரு ராஜதந்திரி விழித்துக்கொண்டான். இரண்டாவது வீடு எவ்வளவு மோசமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு முதல் வீடு ஜொலிக்கும். நோட்டைப் புரட்டினான். இரண்டு கோடு போட்ட பக்கம் வந்தது.

"சங்கு குடோன் தெருன்னு ஒண்ணு இருக்கு. அதுல ஒரு பலசரக்குக் கடைக்குப் பின்னால போர்ஷன் காலியா கிடக்கு."

"உங்க இஷ்டம்" என்றாள் ஜெயபிரியா.

அடுத்த வாரம் பிள்ளைகளோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பாய், ஸ்டவ், தண்ணீர் கேன் எல்லாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பேர்ல் சிட்டி கார்டன் போய்ச் சேர்ந்தார்கள். ஷிப்ட் முடிந்த கண்ணோடு சிவனாண்டி உள்ளறையில் படுத்தான்.

"அப்பா."

"என்னலே வேலு?"

"இங்கன யாருமே இல்லப்பா."

"இருக்க மாட்டாக. அதுக்குத்தான வந்திருக்கோம்."

"அப்ப நீ விளையாட வா."

ஒன்பதே முக்காலுக்கு ஒரு ஓணான் வந்தது. அதைப் பார்க்க அப்பா வர வேண்டியிருந்தது. பத்தரைக்குப் பந்து முள்ளுக்குள் போனது. எடுக்க வேறு ஆள் இல்லை. பதினோரு மணிக்கு ரம்யா, "அப்பா, எனக்கு போரடிக்கி" என்று தலைமாட்டில் உட்கார்ந்து, அதை இருபது தடவை வேறு வேறு ராகத்தில் சொன்னாள். பன்னிரண்டு மணிக்குக் கறிவேப்பிலை இல்லை. கடை மெயின் ரோட்டில். ஜெயபிரியா மட்டும் ஒரு தொந்தரவும் செய்யவில்லை. நிலையில் உட்கார்ந்து, "அப்பா தூங்குதாக, சத்தம் போடாதீய" என்று பிள்ளைகளை அதட்டிக்கொண்டே இருந்தாள். பிள்ளைகள் போட்டதைவிட அதுதான் பெரிய சத்தம்.

நாலு மணிக்குக் கணக்குப் பார்த்தான். தூங்கியது பதினோரு நிமிஷம்.

சாயங்காலம் வீட்டைப் பூட்டும்போது ஜெயபிரியா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு, கேட்க வேண்டும் என்று கேட்காதவள் மாதிரி கேட்டாள்.

"பகல்ல நீங்க தூங்கிக்கிடுவீய. ராத்திரி நீங்க யார்டுக்குப் போன பொறவு, இங்கன நாங்க யாரு கூட இருப்போம்?"

சிவனாண்டி மூன்று வீட்டையும் பார்த்தான். சீல் உடையாத மூன்று பெட்டி. அதற்கப்பால் உடைமரம், அதற்கப்பால் உப்பளத்து வெள்ளை. பத்து மாதமாகத் தெருக்களைச் சுற்றியவன் நோட்டில் ராத்திரி என்று ஒரு வரி கூட இல்லை. இந்த அமைதியில் ஒரு ஆள் எப்படி இருப்பான் என்று அவனுக்குத் தெரியும். அவன் இருந்திருக்கிறான். அதில் மூன்று பேரை வைத்துப் பூட்டிவிட்டுப் போவதைப் பற்றி யோசித்ததில்லை.

"அதெல்லாம் பழகிரும்" என்றான். அவனுக்கே அது கேட்கவில்லை.

ராத்திரி அவர்கள் சங்கு குடோன் தெருவிலேயே, அந்தப் பலசரக்குக் கடைக்காரி சீனித்தாய் அக்கா வீட்டில் படுத்துக்கொண்டார்கள். "போன்ல பேசினேன், வாங்கன்னுட்டாக" என்றாள் ஜெயபிரியா. ஒரு போனில் இவ்வளவு பழக்கமா என்று கேட்டிருக்கலாம். அவனுக்கு ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது.

காலையில் அவன் தெருவுக்குள் நுழையும்போதே கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக் செட் கட்டிப் பாடிக்கொண்டிருந்தது. மீன்காரி சாளை, சாளை என்று கத்தினாள். பட்டறையில் இரும்பு அலறியது. சிவனாண்டிக்கு உள்ளூர சந்தோஷம். எல்லாம் நோட்டில் எழுதியபடியே இருந்தது.

"பிள்ளைக எங்க?"

"இங்கனதான், யாரு வீட்லயாவது இருக்கும்."

"யாரு வீட்லன்னு தெரியாதா?"

"எல்லாருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது. சாப்பிட்டுப் படுங்க."

நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, கடைக்குப் பின்னால் காலியாக இருந்த அந்தப் போர்ஷனின் பின்னறையில் படுத்தான். "இன்னிக்கு ஒரு நிமிஷம் தூங்கினா என் பேரு சிவனாண்டி இல்ல" என்று அறிவித்தான். சாட்சியம் வேண்டுமே என்று நோட்டை எடுத்து, நெஞ்சில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தான். ஒன்று, மைக் செட். இரண்டு, மீன்காரி. மூன்று, பட்டறை. நான்கு, யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார்கள்.

அந்த நாலாவதைக் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தான். யாரோ ஒரு பிள்ளையை யாரோ ஒரு தாய் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தன் அறையில் ஒவ்வொரு பகலும் எந்தச் சத்தமும் கேட்காமல், ஏதாவது கேட்குமா என்று காதை வைத்தபடியே அரைத் தூக்கம் தூங்கியது ஏனோ ஞாபகம் வந்தது. ஐந்து, என்று எழுதினான். ஐந்துக்கு அப்புறம் பேனா ஒரு கோடாகப் பக்கத்தின் அடிவரை இறங்கிப் போனது.

கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. மணி ஐந்தரை. ஒன்பது மணி நேரம். ஒரு கனவு கூட இல்லை.

ஜெயபிரியா ஒரு தம்ளர் பால் கொண்டுவந்து வைத்தாள். தித்திப்பாக இருந்தது.

"டீ இல்லையா?"

"இன்னிக்குப் பால்தான். குடிங்க."

குடித்துக்கொண்டே யோசித்தான். இறங்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு ஆண்மகன் ஏறிய கொம்பிலிருந்து இறங்கும்போது குதித்தது மாதிரி தெரிய வேண்டும், விழுந்தது மாதிரி தெரியக் கூடாது. தொண்டையைச் சரிசெய்தான்.

"ஏளா, நான் நல்லா யோசிச்சேன். பிள்ளைக படிப்பு, உன் வசதி எல்லாத்தையும் வச்சுப் பாத்தா இந்தத் தெருதான் சரி. என் தூக்கம் போனா போவட்டும்."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே."

"இருக்கட்டும். குடும்பம்னா யாராவது ஒரு ஆளு தியாகம் செய்யணும்லா. நாளைக்கே நல்ல நாள் பாரு. பால் காய்ச்சிருவோம். ஒண்ணு சொல்லிட்டேன், இந்தத் தடவை அடுப்புல பால நான்தான் வைப்பேன்."

ஜெயபிரியா தம்ளரைப் பார்த்தாள். வாசலிலிருந்து வேலு ஓடி வந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் சிவனாண்டிக்குப் பேர் தெரியாத ஆறு பிள்ளைகள்.

"பால் காய்ச்சியாச்சுல்லப்பா. பொங்கிப் பொங்கி வழிஞ்சுது. நீதான் எந்திரிக்கல."

சிவனாண்டி தம்ளருக்குள் பார்த்தான். காலியாக இருந்தது.

"ஒம்பதே காலுக்குத்தான் நல்ல நேரம்" என்றாள் ஜெயபிரியா. "உங்கள கேட்டேன். 'ம்'னு சொன்னீய. சீனித்தாய் அக்கா சாட்சி."

"ஒரே நாள்ல எப்படிளா?"

"ஒரே நாளா? மாசி மாசம் நீங்க ஊருக்கு வந்தப்போ சட்டையத் துவைக்க எடுத்தேன். பையில நோட்டு. எந்தத் தெருவுல என்னெல்லாம் இருக்குன்னு பதினேழு தெருவுக்கும் எழுதி வச்சிருக்கீய. பள்ளிக்கூடம், பால்வாடி, கிளினிக், மீனு. இதுல எந்தத் தெருவுக்கு ஒன்றரைப் பக்கம்னு பாத்தேன். அப்புறம் மூணு தடவை பஸ்ல வந்து பாத்தேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துல இடமும் சொல்லியாச்சு."

"மூணு தடவை இங்க வந்தியா? ஏன் ஒரு தடவை என்னைப் பாக்க வரல?"

"பகல்ல எழுப்பினா பிடிக்காதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீய. மூணு தடவையும் உங்க அறை வாசல் வரைக்கும் வந்தேன். கதவு சாத்திக் கிடந்துது. திரும்பிட்டேன்."

அந்த மூன்று பகலிலும் கதவுக்கு இந்தப் பக்கம் தான் விழித்துக்கொண்டுதான் கிடந்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வேலு வந்து மடியில் உட்கார்ந்துவிட்டான், கேட்காமலே.

கடைப் பக்கத்திலிருந்து சீனித்தாய் அக்காவின் குரல் வந்தது. "தம்பி எந்திரிச்சாச்சா? பால் பொங்குதப்போ தெருப் பொம்பளைக அத்தன பேரும் குலவை போட்டோம். நீங்க அசையவே இல்லையே."

தன் வீட்டுப் பால்காய்ச்சுக்குத் தெருவே வந்திருக்கிறது. வராதவன் அவன் மட்டும்தான். முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் நோட்டை எடுத்துப் பிரித்தான். அவன் பேனா கோடாக இறங்கிய இடத்துக்குக் கீழே, ரம்யாவின் குண்டு குண்டு எழுத்தில் இரண்டு வரி கூடியிருந்தது.

'6. குலவை.

7. அப்பா குறட்டை. மைக் செட் அண்ணன் வந்து மெதுவா விடச் சொல்லிட்டுப் போனாங்க.'