ஞாயிறு ஏழு மணிக்காரர்

ஒட்டுவாரொட்டி என்று ஒரு வியாதிக் கூட்டம் உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். சொறி, சிரங்கு, கண்வலி என்று ஆள்விட்டு ஆள் தாவுகிற வகை. நான் சொல்லவந்தது வியாதியை அல்ல; அந்தப் பெயருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிற ஒரு மனித இனத்தை. இவர்களுக்கு அடுத்தவரின் தும்மல் ஒட்டாது, குணம் ஒட்டும். அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் குணம், சொந்த அண்ணன் குணம் என்று ஒட்டினாலாவது போகட்டும் என்று விடலாம். தொலைக்காட்சியில் வருகிறவன் குணம் ஒட்டும்! நேற்று மாலை திரையில் ஒருவன் போலீஸ் உத்தியோகம் பார்த்திருப்பான், இன்று காலை இவர் பால் கொண்டுவருகிறவரைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, "ஏன் அஞ்சு நிமிஷம் லேட்டு?" என்று கண்ணைச் சுருக்குவார். பால்காரருக்கு ஒன்றும் புரியாது. அவர் வீட்டில் அந்தத் தொடர் பார்ப்பதில்லை.

சாதாரண ஒட்டுவாரொட்டியோடு எப்படியாவது காலம் தள்ளிவிடலாம். ஒரு தொடர், ஒரு ஆள், ஆறு மாதம். வீட்டில் பழகிப்போகும். ஆனால் நம்முடைய மீட்டர்காரர் விஷயத்தில் தொலைக்காட்சிக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி என்கிற ஒரே இடத்தில் மூன்று தொடர்களை முறை வைத்து விட்டார்கள். ஒரு வாரம் துப்பறிவாளர், அடுத்த வாரம் டாக்டர், அதற்கடுத்த வாரம் வக்கீல். நாலாவது வாரம் மறுபடி துப்பறிவாளர். ஒரே நாற்காலியில் மூன்று பேர் மாறி மாறி உட்கார்ந்தால் எப்படியோ, அப்படி. மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. மீட்டர்காரர் வீட்டில் அது ஆட்சி மாற்றம்.

மீட்டர்காரர் என்றால் தண்ணீர் மீட்டர். நகரத்து வீடுகளிலிருந்து கழற்றிவரும் பழுதான மீட்டர்களைப் பிரித்து, பல்சக்கரம் துடைத்து, கண்ணாடி மாற்றி, ஈய முத்திரை வைத்து அனுப்புகிற கூடத்துக்கு அவர்தான் மேற்பார்வையாளர். கீழே ஒன்பது பேர். துப்பறிவாளர் வாரத்தில் அந்த ஒன்பது பேரும் தலையைக் குனிந்தபடியே வேலை செய்வார்கள். "இந்த முள்ளை யாரோ தொட்டிருக்காங்க" என்பார் மெதுவாக. தொடாமல் எப்படி ஐயா பழுது பார்ப்பது? வக்கீல் வாரத்தில், "ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்பார், கேட்டது "டீ சாப்பிட்டீங்களா" என்பதாக இருந்தாலும். டாக்டர் வாரம் மட்டும் பொற்காலம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தலையைச் சாய்த்து, "என்ன பண்ணுது, சொல்லுங்க" என்று பஞ்சுபோலப் பேசுவார். ஒன்பது பேருக்கும் அந்த வாரத்தில்தான் முதுகு வலிக்கும், மாமியார் விழுவார், குழந்தைக்குக் காது குத்தலெடுக்கும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை விடுப்புச் சீட்டுகள் குவிவதைப் பார்த்த தலைமை அலுவலகம், கூடத்துத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பியது.

வீட்டிலோ, மகள் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள். வாரம் வாரமாகக் கட்டம் போட்டு, து, டா, வ, து, டா, வ என்று ஆண்டு முடியும்வரை. கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறவள், படிப்பு வீண்போகவில்லை. தொலைந்த சாவி, காணாமல்போன கத்தரிக்கோல் எல்லாம் 'து'வில் கேட்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் படுத்தாவது கண்டுபிடித்துவிடுவார். மாடிக் குளியலறை ஒழுகுகிறது என்று வீட்டு உரிமையாளரிடம் பேசுவதென்றால் 'வ'. உரிமையாளர் குழாய்க்காரரைத் தாமே கைப்பிடித்துக் கூட்டிவந்தார். சுற்றுலா, தோழி வீட்டுத் தங்கல், குறைந்த மதிப்பெண் எல்லாம் 'டா'.

மற்ற வீடுகளில் நல்ல காரியத்துக்கு நாள் பார்ப்பார்கள். இந்த வீட்டில் வாரம் பார்த்தார்கள்.

இப்போது அவர் மனைவியிடம் வருவோம். இந்தக் கதை உண்மையில் அந்த அம்மாளுடையது. நான்கு மாதமாக அந்த அம்மாள் வயிற்றில் ஒரு ரகசியத்தைக் கட்டிக்கொண்டு நடந்தாள். நீங்கள் நினைக்கிற ரகசியம் இல்லை, சும்மா இருங்கள். அம்மாள் வேன் ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

மீட்டர்காரர் வேலைக்குப் போனதும், காலை பத்திலிருந்து பதினொன்று வரை, மூன்றாவது தெருவில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிற ஒரு அக்காவிடம். முதல் வாரம் கிளட்சை விடும்போதெல்லாம் வண்டி நின்றுபோனது. இரண்டாம் மாதம் சந்தை நெரிசலில் ஹாரன் அடிக்காமல் போய்வந்தாள். மூன்றாம் மாதம் அக்காவே, "நீங்க பொறந்ததே வேன்லதானா?" என்று கேட்டார். நான்காம் மாதம் உரிமம் வந்தது. கூடவே ஒரு வேலையும் வந்தது: அக்காவுக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில் பதினான்கு குழந்தைகளை ஏற்றி இறக்குகிற வேனுக்கு ஓட்டுநர் வேண்டுமாம். திங்கட்கிழமையிலிருந்து வர முடியுமா என்று ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் போன் செய்து கேட்பேன், அப்போது உறுதியாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். வேனை மறைக்க முடியுமா? வேனை மறைத்தாள், செருப்பை மறைக்க மறந்தாள். மிதிகளில் ஊன்றி ஊன்றி வலது செருப்பின் குதிகால் மட்டும் தேய்ந்துபோயிருந்தது. அதை மீட்டர்காரர் துப்பறிவாளர் வாரத்தில் பார்த்துவிட்டார். பார்க்க மாட்டாரா பின்னே? குனிந்து, கையிலெடுத்து, வெளிச்சத்தில் திருப்பினார்.

"வலது செருப்பு மட்டும் தேஞ்சிருக்கு. ஏன்?"

"தெரியலையே" என்றாள் அம்மாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர். அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "யாரோ உன் செருப்பைப் போட்டுட்டுப் போறாங்க. நொண்டி நடக்கிற ஆள்." இரண்டு நாள் தெருவில் நொண்டி நடப்பவர்களைத் தேடினார். அஞ்சல்காரர் மாட்டிக்கொண்டார், பாவம். அடுத்து டாக்டர் வாரம். அதே செருப்பு. "முட்டியில தேய்மானம். பயப்பட ஒண்ணுமில்ல" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஏழு நாளும் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். அதற்கடுத்து வக்கீல் வாரம். செருப்புக் கடைக்காரரைக் கூண்டில் ஏற்றாத குறையாகக் கேள்வி கேட்டு, புது ஜோடி வாங்கிவந்தார். மூன்று மூளை, ஒரு செருப்பு. ஒரு மூளைக்காவது, 'ஏம்மா, நீ எங்க போயிட்டு வர்றே?' என்று நேராகக் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்!

அதுதான் அம்மாளுக்குக் குறை. அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்கிற பயம் ஒருபக்கம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம், தான் வாழ்க்கையில் முதன்முதலாகத் தனியாகச் செய்த ஒரு காரியத்தைச் சொன்னதும், அவர் அதைவைத்து ஒரு காட்சி நடித்துவிடுவாரே என்பது. அம்மாளுக்கு அனுமதிகூடப் பெரிதில்லை. தன் புருஷன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த ஆசை இருக்கக்கூடாதா?

"அம்மா, இந்த ஞாயிறு 'டா' வருது. ஏழரைக்கு விளம்பரம் போடுவான். அப்ப சொல்லிடுங்க. பாதி எபிசோடு போதும், அப்பா கரைஞ்சிடுவார்" என்றாள் மகள்.

"டாக்டர்கிட்ட சொல்றதா, அப்பாகிட்ட சொல்றதா?"

"அம்மா, கிடைக்கிற ஆள்கிட்ட சொல்லுங்க."

ஞாயிறு வந்தது. ஆறே முக்காலுக்கே மீட்டர்காரர் தலைவாரி உட்கார்ந்துவிட்டார். வாரம் முழுக்க இருந்த துப்பறிவாளர் ஏறக்குறைய இறங்கியிருந்தார். ஏழு அடித்தது. டாக்டர் வரவில்லை. திரையில் ஒரு கால்பந்தாட்டம் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தது. மழையால் தாமதமாக ஆரம்பித்ததாம், இரு பக்கமும் சமம், கூடுதல் நேரம் வேறு வருமாம். கீழே ஒரு வரி ஓடியது: இன்றைய தொடர் ஆட்டம் முடிந்த பிறகு ஒளிபரப்பாகும்.

"என்ன அநியாயம் இது!" என்றார் மீட்டர்காரர். ரிமோட்டைத் தட்டிப் பார்த்தார். ஏழேகால் ஆயிற்று. ஏழரை ஆயிற்று. இருபத்திரண்டு பேரும் பந்தை மைதானத்துக்கு வெளியேதான் அடித்தார்கள். எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அம்மாள் அலமாரிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அந்தத் தாளில் கால்பந்துக்குக் கட்டமில்லை. உள்ளே மகள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். இனி வாரம் பார்க்க நேரமில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன?

"என்னங்க."

"ம்."

"நான் வண்டி ஓட்டக் கத்துக்கிட்டேன்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். "எந்த வண்டி?"

"வேன். ஸ்கூல் வேன். லைசென்ஸ் வந்துடுச்சு. நாளைக்கே வேலைக்கு வரச் சொல்றாங்க. எட்டு மணிக்குப் பதில் சொல்லணும்."

மீட்டர்காரரின் கை மூக்குக்கண்ணாடியைக் கழற்ற எழுந்தது, பாதியில் நின்றது. கண் கொஞ்சம் சுருங்கியது; சுருங்கியதை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி விரிந்தது. ஆள்காட்டி விரல் ஒன்று உயர்ந்து, கேள்வி எதுவும் கிடைக்காமல் மடங்கியது. மூன்று பேரையும் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. கடைசியில் அந்த நாற்காலியில் ஐம்பத்தொரு வயதான, முன்தலை வழுக்கையான, தண்ணீர் மீட்டர் பழுது பார்க்கிற ஒரு மனிதர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டு அம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனை வருஷமாயிற்று இந்தக் குரலைக் கேட்டு! கொஞ்சம் கரகரப்பாக, வாக்கியத்தின் கடைசியில் ஒரு சின்னத் திணறலோடு. பெண் பார்க்க வந்த அன்று பேசிய அதே ஆள்.

"ரிவர்ஸ் வருமா உனக்கு?" என்று கேட்டார்.

"வரும்."

"கம்பத்துல இடிக்காமலா?"

"எந்தக் கம்பம்?"

அவர் தரையைப் பார்த்தார். "நான் மூணு தடவை டெஸ்டுக்குப் போனேன். கல்யாணத்துக்கு முந்தி. மூணு தடவையும் ரிவர்ஸ் எடுக்கறப்போ கம்பத்துல இடிச்சேன். மூணு தடவையும் ஒரே கம்பம். அந்த ஆபீசர், 'தம்பி, உங்களுக்கும் கம்பத்துக்கும் ஏதாவது பகையா'ன்னு கேட்டாரு."

"வண்டி வச்சா தலைவலி, பஸ்தான் நிம்மதின்னு இத்தனை வருஷமா சொன்னீங்களே?"

"அதெல்லாம் சும்மா."

அம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்கும் உதட்டோரம் துடித்தது. பிறகு, யாரும் எழுதிக்கொடுக்காத ஒரு வசனத்தை அவர் சொன்னார்: "சந்தோஷமா இருக்கு. பொறாமையாவும் இருக்கு. எது முதல்ல வந்துச்சுன்னு மட்டும் கேக்காதே."

"எது முதல்ல வந்துச்சு?"

"பொறாமைதான்."

ஆயிரம் பாராட்டு அந்த ஒரு சொல்லுக்கு ஈடாகாது என்று அம்மாளுக்குப் பட்டது. நடிக்கிறவன் எவனாவது மனைவியிடம் பொறாமை என்று சொல்வானா? போன் அடித்தது. அம்மாள் எடுத்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "வர்றேம்மா, ஆறரைக்கெல்லாம் வந்துடறேன்" என்றாள். வைத்துவிட்டுத் திரும்பினால், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூசு என்றார். தூசில்லை.

எட்டேகாலுக்கு யாரோ ஒருவன் புண்ணியத்தில் கோல் விழுந்தது. டாக்டர் தொடரின் இசை முழங்கியது. "அப்பா, ஆரம்பிச்சாச்சு!" என்றாள் மகள். "நீ பாத்து வை" என்றார் அவர். மேஜைமேல் இரண்டு தீப்பெட்டியும் ஒரு டம்ளரும் வைத்து, பின்னால் எடுக்கும்போது எந்தக் கண்ணாடியை எப்போது பார்ப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். டம்ளர்தான் கம்பம். இரண்டு முறை இடித்தார். மூன்றாம் முறை அம்மாள் டம்ளரைச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்கள். யாராவது திருந்துவார்களா? கடைசி இருபது நிமிடத்தை எட்டிப் பார்த்துவிட்டார். திங்கட்கிழமை கூடத்துக்குப் போனது முக்கால் மீட்டர்காரர், கால் டாக்டர். ஒன்பது பேருக்கும் எவ்வளவு விடுப்பு கேட்கலாம் என்று கணக்கே புரியவில்லை.

நல்லவேளை, நாம் இப்படியெல்லாம் இல்லை என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். போங்கள். போகுமுன் ஒன்று: இன்று காலை வீட்டில் ஏதோ ஒரு சின்ன விஷயத்துக்கு ஒரு குரலில் பேசினீர்களே, அது யாருடைய குரல்? உங்கள் மேலதிகாரியுடையதா, செய்தி விவாதத்தில் மேஜையைத் தட்டுகிறவருடையதா, கைப்பேசியில் அறிவுரை சொல்கிறவருடையதா? தெரியாவிட்டால் பரவாயில்லை, வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்று நான்கு மாதமாக வாரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.